உறைபனி போகுமுன் ஒரு பாத்தி

2018ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு ஒரு சனிக்கிழமையில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர், வியாழக்கிழமை பின்னேரம், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பட்டாணி விதைத்தேன். மாமி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். "உந்தக் குளிருக்கை ஆர் பிள்ளை விதை போடுறது? அதுகள் விறைச்சுச் சாகப்போகுதுகள்" என்றார். சனிக்கிழமை விடிய உள்ளே பொங்கல் பானை, வெளியே பனிக்கட்டி மழை. ஞாயிறும் விடவில்லை. தென் ஒன்ராறியோ முழுக்க அடித்த புயல் அது. கற்கண்டைக் கொட்டிப் பரப்பியது போலப் பாத்தி முழுக்க ஐஸ். மாமி வாய் திறக்கவில்லை. கைவிசேடம் தரும்போது மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

மே முதல் கிழமையில் பட்டாணி முளைத்தது. ஜூன் கடைசியில் காய் பிடுங்கினோம். முதல் பிடி காயைக் கறிக்கு விடாமல் நின்ற இடத்திலேயே பச்சையாகச் சாப்பிட்டது மாமிதான்.

நான் இங்கே வந்தது 1992இல். வந்த நாள் தொடக்கம் கேட்ட ஒரே தோட்டச் சட்டம், விக்ரோறியா தினத்துக்கு முதல் மண்ணில் கை வைக்காதே என்பது. மே 25க்கு முந்திய திங்கட்கிழமைதான் அந்த விடுமுறை. ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதற்பாதியோடு முடிந்துவிடும். ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் முந்தும், வடக்கே போகப் போகப் பிந்தும். ஆகவே மிளகாய்க்கும் கத்தரிக்கும் தக்காளிக்கும் அந்தச் சட்டம் சரிதான். எங்கள் ஆட்கள் விட்ட பிழை, எல்லா விதைக்கும் ஒரே நாளைக் குறித்ததுதான். நானும் பல வருடம் மே கடைசியில் வெண்டியோடு சேர்த்து ஸ்பினாச்சையும் போட்டேன். ஜூன் முடியுமுன்பே அது நாலு இலையோடு தண்டு விட்டுப் பூக்கும். விதைப் பைக்கற்றைத்தான் திட்டுவேன்.

என் கண்ணைத் திறந்தது கொத்தமல்லி. ஒரு வருடம் பிடுங்கச் சோம்பல்பட்டு முற்றிய மல்லிச்செடிகளை அப்படியே விட்டுவிட்டேன். விதை தன்பாட்டில் விழுந்து, குளிர்காலம் முழுக்க ஸ்னோவுக்குக் கீழே கிடந்தது. ஏப்ரல் கடைசியில், இரவில் இன்னும் தண்ணீர் உறைகிற நாட்களில், அந்த மூலை பச்சைப் பாய் விரித்தது போல முளைத்து நின்றது. கடையில் வாங்கி மே கடைசியில் விதைத்த மல்லி இவ்வளவு தடிப்பாக ஒருநாளும் வந்ததில்லை. அப்போதுதான் விளங்கியது, விதைகளில் இரண்டு சாதிச்சனம் இருக்கிறது என்று. சூடு கேட்கிற கூட்டம் ஒன்று, குளிரில் பிறந்து குளிரிலேயே வளர விரும்புகிற கூட்டம் மற்றது. இரண்டாவது கூட்டத்தைச் சூட்டில் போட்டால் அதற்குத்தான் தண்டனை.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம். உறைபனிக்கு முன்னரே நேரடியாக மண்ணில் போடக்கூடியவை: பட்டாணி, ஸ்பினாச், லெட்டூஸ், முள்ளங்கி, கரட், பீற்றூட், சுவிஸ் சார்ட், கேல், கடுகுக்கீரை, கொத்தமல்லி, வெங்காயம். வெந்தயத்தை நடுவில் நிற்கிற பிள்ளை என்று சொல்வேன். இலேசான பனியைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் மூடிக் கொடுத்தால்தான் முகம் மலரும். கிட்டவும் கொண்டுபோகக் கூடாதவை: வெண்டி, பாகல், புடோல், பயிற்றை, போஞ்சி, முளைக்கீரை, எங்கள் பசளி. ஸ்பினாச்சைப் பசளியின் தங்கச்சி என்று நினைத்து இரண்டையும் ஒரே நாளில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பசளி வெயிலுக்குக் கொடி ஓடுகிறது, ஸ்பினாச் வெயிலைக் கண்டால் பூத்து முடிக்கிறது.

ஸ்பினாச் ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நாட்காட்டி பார்க்கும் விதமே மாறிவிடும். சூடும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் பகலின் நீளம். பகல் ஏறக்குறைய 14 மணித்தியாலத்தைத் தாண்டினால் ஸ்பினாச்சுக்குப் பூக்கச் சொல்லி உத்தரவு. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணித்தியாலத்தைத் தொடாது. ரொறன்ரோவில் மே தொடங்கும்போதே 14 தாண்டுகிறது, ஜூன் நடுவில் பதினைந்தரை மணித்தியாலம் அளவில் வந்து நிற்கிறது. மே கடைசியில் ஸ்பினாச் விதைக்கிற ஆள், மணி அடித்த பிறகு பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி. இலை வேண்டுமென்றால் ஏப்ரல் முதற்பாதிக்குள் அது மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

சரி, எந்த நாள்? நாளைக் கேட்காதீர்கள், மண்ணைக் கேளுங்கள். நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன்.

முதலாவது, பிட்டுமாச் சோதனை. எங்கள் பக்கத்து மண் களிமண். ஸ்னோ கரைந்த பிறகு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பொத்திப் பிடியுங்கள். பிறகு பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிட்டுக்குக் குழைத்த மா போல உதிர்ந்தால் விதைக்கலாம். ரொட்டி மா போல ஒட்டிக்கொண்டு நின்றால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடியுங்கள். ஈரக் களிமண்ணைக் கிண்டினால் அது காய்ந்து ஓட்டுத்துண்டு மாதிரி ஆகிவிடும், அந்த வருடம் முழுக்கச் சரிவராது. பாத்தியின் மேல் ஏறி மிதிப்பதும் அதே பாவம்தான். நான் ஒரு பழைய பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் விதைப்பேன்.

இரண்டாவது, வெப்பமானி. கோழி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானிதான். சமையலறையில் இருந்ததைக் கொண்டுபோய்க் குத்தியதற்கு இவர் ஒரு கிழமை கோழிக்கறி வேண்டாம் என்று நின்றதால் தோட்டத்துக்கென்று வேறொன்று வாங்கினேன். காலை எட்டு ஒன்பது மணிக்கு இரண்டு அங்குல ஆழத்தில் குத்த வேண்டும். பின்னேரம் குத்தினால் வெயில் பொய் சொல்லும். நாலைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். ஸ்பினாச்சும் லெட்டூஸும் 2 பாகை செல்சியஸிலேயே முளைக்கத் தொடங்கும். பட்டாணி, முள்ளங்கி, கரட், பீற்றூட் எல்லாவற்றுக்கும் 4 பாகை அளவு போதும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், வெண்டிக்கும் போஞ்சிக்கும் 16 பாகை வேண்டும்.

முளைக்கத் தொடங்கும் என்பதற்கும் கெதியாக முளைக்கும் என்பதற்கும் இடையில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரிங்டன் என்ற விதை ஆராய்ச்சியாளர் செய்த அட்டவணை ஒன்று தோட்டக்காரர்களிடம் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கிறது. அதன்படி கரட் 5 பாகையில் முளைக்க 51 நாள், 10 பாகையில் 17 நாள், 20 பாகையில் 7 நாள். பட்டாணி 5 பாகையில் 36 நாள், 10 பாகையில் பதின்மூன்று பதினான்கு நாள். லெட்டூஸ் 5 பாகையில் 15 நாளில் வந்துவிடும். இதை நான் அச்செடுத்து ஃபிறிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்தாம் நாள் மண்ணைக் கிளறி விதை செத்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நானும் பார்த்தவள்தான். அரைவாசி முளைத்த விதையைக் கிளறினால் அது அன்றைக்குத்தான் சாகும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபோர்சித்தியா என்று ஒரு செடி, இலை வருமுன்பே உடம்பு முழுக்க மஞ்சள் பூவாகப் பூக்கும். முதன்முதலில் பார்த்தபோது கொன்றை இங்கே எப்படி வந்தது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் அது ஏப்ரல் நடுவிலோ கடைசியிலோ பூக்கும். அது பூத்தால் பட்டாணிக்கு மண் தயார் என்பது இங்குள்ள பழைய தோட்டக்காரர்களின் கணக்கு. நாட்காட்டியைவிட அந்தச் செடியை நான் நம்புவேன், ஏனென்றால் அது அந்த வருடத்துக் குளிரைத் தானும் பட்டுவிட்டுத்தான் பூக்கிறது.

பாத்தி வேலையை இலையுதிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். இதுதான் உண்மையான தந்திரம், ஆனால் ஏப்ரலில் படிக்கிறவர்களுக்குச் சொல்லி என்ன பயன், இந்த முறை சமாளித்து அடுத்த முறைக்குக் குறித்து வையுங்கள். ஒக்ரோபரில் நான் பழைய செடிகளைப் பிடுங்கி, கூட்டெரு இரண்டு அங்குலம் பரப்பி, மேலே மேப்பிள் இலைகளைக் கொட்டிவிடுவேன். பங்குனி கடைசியில் இலையை ஒதுக்கினால் கீழே கிண்டத் தேவையில்லாத பாத்தி இருக்கும். தரையிலிருந்து எட்டுப் பத்து அங்குலம் உயர்த்திப் பலகை அடித்த பாத்தி என்றால் இன்னும் நல்லது. தண்ணீர் வடிந்து கெதியில் சூடேறும். விதைக்க இரண்டு கிழமைக்கு முன்னர் கண்ணாடி போன்ற பொலித்தீனை விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். ஒரு வருடம் மூடிய பாத்தி 8 பாகை காட்டிய அன்று மூடாத பாத்தி 4 பாகையில் நின்றது. எருவை அள்ளிப் போட்டு வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். குளிர் மண்ணில் நுண்ணுயிர்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும், எரு செடிக்குச் சேராது. முதல் இலைகள் கொஞ்சம் மஞ்சளாக நின்றாலும் மண் சூடேறத் தானே பச்சை பிடிக்கும்.

இனி விதைப்பு.

பட்டாணியை நேரே குளிர் மண்ணில் போட்டால் முளைக்க முன்னர் அழுகும் அபாயம் அதிகம். 2018இல் எனக்கு அது நடக்காதது அதிர்ஷ்டம். அடுத்த வருடம் நடந்தது. நாற்பது விதையில் ஒன்பதுதான் வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே முளை கட்டுகிறேன். பயறு முளை கட்டத் தெரிந்த எங்களுக்கு இது ஒரு வேலையா? இரவு ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரக் கடுதாசித் துவாயில் சுற்றி மூடியுள்ள பெட்டியில் வைப்பேன். மூன்று நாலு நாளில் ஒரு அரிசிமணி நீளத்துக்கு வேர் எட்டிப்பார்க்கும். அந்தப் பருவத்திலேயே நட்டுவிட வேண்டும். வேர் நீண்டுவிட்டால் முறியும். ஒரு அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளி, இரட்டை வரிசை. வலையோ கம்போ விதைக்கிற அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரில் குத்தும். பாத்தியின் வடக்குப் பக்கத்தில் போட்டால் மற்றவற்றுக்கு நிழல் விழாது.

அப்புறம் அணில். ஊரில் முதுகில் மூன்று கோடு போட்ட அணிலைப் பார்த்துப் பரிதாபப்பட்ட நாங்கள் இங்கே வந்து அதைச் சபிக்கப் பழகிவிட்டோம். இங்குள்ளது பூனைக்குட்டியளவு, கறுப்பு. புதிதாகக் கிண்டிய மண்ணைக் கண்டால் யாரோ எதையோ புதைத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். விதைத்த உடனே கோழிக்கூட்டு வலையைப் பாத்திமேல் படுக்க வைத்து நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். முளை இரண்டு அங்குலம் வந்ததும் எடுத்துவிடலாம். அதன் பிறகு முயல் வரும். அது வேறு கதை.

ஸ்பினாச்சுக்குப் பெரிய உபசாரம் தேவையில்லை. அரை அங்குல ஆழத்தில் கோடு கீறி, விதையை ஓர் அங்குல இடைவெளியில் போட்டு மூட வேண்டும். பழைய பைக்கற்றாக இருந்தால் நம்பாதீர்கள், ஸ்பினாச் விதை கெதியில் உயிர் விடும். புளூம்ஸ்டேல் என்ற வகை எனக்கு ஒவ்வொரு வருடமும் கைகொடுக்கிறது. லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் பிடிக்கும். மண்ணைத் தூவினது பாதி தூவாதது பாதி என்று விட்டுவிடுங்கள்.

கரட்டில்தான் ஆட்கள் தோற்கிறார்கள், குளிரால் அல்ல, மண் காய்ந்துபோவதால். கரட் விதை கால் அங்குல ஆழத்தில் கிடக்கிறது. மூன்று கிழமை அந்தக் கால் அங்குலம் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. ஏப்ரல் காற்றுக்கு மேல்மண் அரை நாளில் காய்ந்துவிடும், காய்ந்த களிமண் மேலே தோலாகப் படிந்து முளையை வெளியே விடாது. நான் செய்வது: கோடு கீறி, கோட்டுக்குள் முதலில் தண்ணீர் ஊற்றி, விதையைப் போட்டு, களிமண்ணால் மூடாமல் சலித்த கூட்டெருவால் மூடி, மேலே பலகையைப் படுக்க வைத்துவிடுவேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து தினமும் காலையில் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் வெள்ளை முளை தெரிந்த அன்றே பலகையை எடுத்துவிடுங்கள். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் நத்தைக்கு விருந்து. விதை மிகச் சிறியதென்பதால் மணலோடு கலந்து தூவுவது வழக்கம். ஒருமுறை கராஜில் இருந்த மணல் மூட்டை கல்லாய் உறைந்து கிடந்ததால் ரவையோடு கலந்தேன். அது மணலைவிட நல்லதாகப் போயிற்று, கறுத்த மண்ணில் வெள்ளையாக எங்கே விழுந்தது என்று தெரிகிறது. களிமண்காரர்கள் நீளக் கரட் வகையை வாங்க வேண்டாம். சான்டனே போன்ற குட்டை, தடித்த வகை கோணாமல் வரும். கரட் கோட்டிலேயே நாலு அங்குலத்துக்கு ஒன்றாக முள்ளங்கி விதை போட்டால் அது முந்தி முளைத்துக் கோடு எங்கே என்று காட்டும், மண் தோலையும் உடைத்துக் கொடுக்கும், ஐந்து கிழமையில் பிடுங்கிச் சாம்பாரில் போட்டுவிடலாம். அந்த இலையை எறியாதீர்கள். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் முள்ளங்கியைவிட அதுதான் முதலில் முடியும்.

பீற்றூட்டுக்கு அவசரப்படாதீர்கள். அது குளிரில் முளைக்கும், ஆனால் இளஞ்செடி கிழமைக்கணக்காக 10 பாகைக்குக் கீழே நின்றால் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கிழங்கு வைக்காமல் பூக்கப் பார்க்கும். நான் ஏப்ரல் 20க்குப் பிறகுதான் போடுவேன். நாங்கள் விதை என்று சொல்வது நாலைந்து விதை ஒட்டிய ஒரு கொத்து. ஒன்று போட்டால் மூன்று வரும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைக்க மனம் வராவிட்டால் கிழங்கும் வராது.

மல்லி அப்படித்தான், ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை. மாமி சப்பாத்திக் கட்டையால் ஒருதரம் உருட்டிப் பிளந்து தருவார். நசுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். சமையலுக்கு வாங்கின மல்லியும் வெந்தயமும் கடுகும் முளைக்கும், ஆனால் தமிழ்க்கடைத் தட்டில் எத்தனை வருடம் இருந்ததோ தெரியாது. பத்து விதையை ஈரத் துவாயில் சுற்றி ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். ஆறு விதையாவது முளைத்தால் பாத்திக்குப் போடலாம், இல்லாவிட்டால் குழம்புக்கு. கடுகுக்கீரையையும் முள்ளங்கியையும் விதைத்த அன்றே மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிவிடுங்கள். மே மாதத்தில் தத்துப்பூச்சி போலக் கறுப்பாய் ஒரு சின்ன வண்டு வந்து இலையைச் சல்லடை ஆக்கும். துணி இருந்தால் உள்ளே வர முடியாது.

வெங்காயம் விதையிலிருந்து வர நெடுநாள் எடுக்கும், அதனால் குண்டு, அதாவது நடுவதற்கென்று விற்கிற சின்ன வெங்காயம், வாங்கி நடுகிறேன். பெரிய குண்டாகப் பொறுக்காதீர்கள். குளிர்பட்டால் பெரியதுதான் முதலில் பூத்தண்டு விடும். சின்னதே நல்லது.

லீக்ஸுக்கும் கோவாவுக்கும் கேலுக்கும் வேறு ஒரு வழி உண்டு, அது மாசி மாதத்தில் நடக்கும். நாலு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் வேண்டும். அமெரிக்கர்கள் இதற்குப் பால் போத்தலைச் சொல்வார்கள், ஒன்ராறியோவில் நாங்கள் பாலைப் பையில் அல்லவா வாங்குகிறோம். வெள்ளை வினாகிரி வருகிற போத்தல் நல்லது, கடைக்காரரிடம் கேட்டால் தண்ணீர்ப் போத்தலும் கிடைக்கும். கைப்பிடிக்குக் கீழே சுற்றி வெட்டி, ஒரு பக்கம் கதவு போல வெட்டாமல் விடுங்கள். அடியில் ஏழெட்டு ஓட்டை. மூன்று அங்குலத்துக்கு ஈரமான நாற்றுமண் போட்டு, விதை தூவி, மூடி நாடாவால் ஒட்டி, மேல்மூடியை மட்டும் எறிந்துவிடுங்கள். ஸ்னோ அந்த வாயால் விழுந்து கரைந்து தண்ணீராகும். பின்கதவுப் படியருகே வரிசையாக வைத்துவிட்டு மறந்துவிடலாம். பெயரை உள்ளே ஒரு துண்டில் எழுதிப் போடுங்கள். வெளியே எழுதிய மை வெயிலுக்கு வெளுத்து, ஒரு வருடம் கோவா என்று நினைத்துக் கேல் நட்டேன். ஏப்ரலில் முளை தெரிந்ததும் வெயில் நாளில் மேற்பக்கத்தைத் திறந்து வையுங்கள். குளிரில் சாகாத நாற்று மூடிய போத்தலுக்குள் வெயிலில் அவிந்து சாகும்.

முளைத்த பிறகு பயப்பட வேண்டிய இரவுகள் எவை? காற்று அடிக்கிற, முகில் மூடிய இரவு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. காற்றே இல்லாமல் நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற இரவில்தான் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். வானிலை அறிக்கை 2 பாகை என்று சொன்னாலும் இலை மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும். குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் வளவில் வேலி மூலையில் எப்போதும் முதல் வெள்ளை படியும். அங்கே நான் ஒன்றும் விதைப்பதில்லை, கூட்டெருப் பெட்டி வைத்திருக்கிறேன்.

அப்படியான இரவில் பொழுது சாயுமுன்பே மூட வேண்டும். இருட்டிய பிறகு மூடினால் போன சூடு போனதுதான். அரை அங்குல பிவிசி குழாயை வில்லாக வளைத்துப் பாத்தியில் குத்தி அதன்மேல் தோட்டக் கடையில் விற்கிற வெள்ளைத் துணியைப் போடுகிறேன். இரண்டு மூன்று பாகையைக் காப்பாற்றித் தரும். அதற்கு முதல் இவருடைய பழைய வேட்டிகளைப் போட்டேன். வேட்டி பனியில் நனைந்து பாரமாகி இலையில் ஒட்டி அங்கேயே உறையும். ஒரு நைலெக்ஸ் சேலையையும் பரிசோதித்தேன். அது இரவுக் காற்றில் எழும்பிப்போய் அடுத்த வளவு ஆப்பிள் மரத்தில் விடிய விடிய ஆடிக்கொண்டு நின்றது. துணியை ஓரம் முழுக்க அமத்தி வையுங்கள், இலையில் முட்ட விடாதீர்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.

2020 மே மாதம், அன்னையர் தினத்து வார இறுதியில் ரொறன்ரோவில் ஸ்னோ பறந்தது. மகள் ஆசையாக வாங்கித் தந்த ஆறு தக்காளிக் கன்றையும் நான் அவசரப்பட்டு மே 2ஆம் திகதியே நட்டிருந்தேன். விடிய அவை அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. பக்கத்துப் பாத்தியில் ஸ்பினாச்சும் தரையோடு தரையாகச் சாய்ந்து கண்ணாடி மாதிரி விறைத்துக் கிடந்தது. எல்லாம் போயிற்று என்று உள்ளே வந்துவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஸ்பினாச் ஒன்றுமே நடக்காதது போல எழும்பி நின்றது. குளிர் பழகிய செடி தன் உயிரணுவுக்குள் சீனியைச் சேர்த்து வைக்கிறது. ஐஸ் உயிரணுக்களுக்கு வெளியே, இடைவெளியில் பிடிக்கிறது, உள்ளே உடைவதில்லை. அந்தக் கிழமை பிடுங்கிய இலை இனித்தது. விறைத்துக் கிடக்கும்போது மட்டும் கையால் தொடாதீர்கள், பிடுங்காதீர்கள், சுடுதண்ணி ஊற்றிக் காப்பாற்றவும் போகாதீர்கள். வெயில் பார்த்துக்கொள்ளும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம். முள்ளங்கி, மல்லி, லெட்டூஸ் மூன்றையும் பத்து நாளுக்கு ஒரு சின்னக் கோடாகப் போடுங்கள். ஒரு கோடு குளிருக்குப் போனாலும் மற்றது நிற்கும். கடைசிக் கோடு விக்ரோறியா தினத்துக்கு ஒரு கிழமை முன்னர் முடியட்டும்.

என்னுடைய பாத்தி பதினெட்டு அடி நீளம், நாலு அடி அகலம், இரண்டு. மே கடைசியில் மிளகாய்க் கன்று வரும்போது ஸ்பினாச் முடியும் தறுவாயில் இருக்கும். முழுவதையும் பிடுங்காமல் ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒரு இடம் வெட்டி நடுகிறேன். சுற்றி நிற்கிற ஸ்பினாச் முதல் பத்து நாள் காற்று மறைக்கும், பிறகு சமையலுக்குப் போகும். பட்டாணி ஜூலை நடுவில் மஞ்சளாகும்போது வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிடுங்கள். வேரில் இருக்கிற முடிச்சுகள் மண்ணிலேயே உக்கட்டும். அன்றைக்கே அந்தக் கோட்டில் செடிப்போஞ்சி விதை போட்டால் செப்டெம்பரில் காய் பிடுங்கலாம். அது ஆறே நாளில் முளைக்கும், பலகையும் வேண்டாம், துணியும் வேண்டாம். அணிலுக்கு வலை மட்டும் வேண்டும்.